நிறம் மாறும் சன்னல் கண்ணாடி வெயிலைத் தடுக்காதபோது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சூரிய வெப்பத்தைக் கட்டுப்படுத்தப் பொருத்திய நிறம் மாறும் கண்ணாடியில் கோளாறு என்று என்னை அழைப்பவர்கள், கண்ணாடியே கெட்டுவிட்டது என்ற முடிவோடுதான் பெரும்பாலும் பேசத் தொடங்குகிறார்கள். நேரில் போய்ப் பார்த்தால், சட்டத்துக்குள் தளர்ந்து கிடக்கும் ஒரு கனெக்டரோ, தூசி படிந்த ஒளி உணரியோ, கண்ணாடிகளுக்குக் கட்டளை தரும் கன்ட்ரோலரில் தவறாகப் பதிந்த ஒரு திசையோதான் காரணமாக இருக்கும். கண்ணாடியை மாற்றுவதுதான் இந்த வேலையில் மிகவும் செலவு பிடிப்பது. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணத்தில் தொடங்கிக் கண்ணாடியில் முடித்திருக்கிறேன்; அந்த வரிசையிலேயே பார்த்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. பி.டி.எல்.சி. (மின்சாரம் இல்லாதபோது பால் போல வெளுக்கும் திரவப் படிக ஃபிலிம்), எஸ்.பி.டி. (மின்சாரம் இல்லாதபோது கருக்கும் ஃபிலிம்) ஆகிய இரண்டு வகைகளும் உடலுக்கு ஆபத்தான அளவு மாறுமின்னழுத்தத்தில் இயங்குபவை. மின்சாரத்தால் மெல்ல நிறம் மாறும் பூச்சு கொண்ட எலெக்ட்ரோகுரோமிக் கண்ணாடிக்குச் செல்வது சில வோல்ட் நேர்மின்னோட்டம் மட்டுமே என்றாலும், அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் பெட்டிக்குள் நுழைவது பெரும்பாலும் கட்டடத்தின் முழு மின்னழுத்தம். பிரேக்கரை அணைக்காமல் எந்தப் பெட்டியையும் திறக்கக் கூடாது.

## முதலில் வகையை அறிதல்

வகை தெரியாமல் செய்யும் சோதனை எல்லாம் வீண். சுவிட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். சில நொடிகளுக்குள் பால் போல வெளுத்து, மறுபுறம் தெரியாமல் போனால் அது பி.டி.எல்.சி. சில நொடிகளுக்குள் கருத்தால் எஸ்.பி.டி. சுவிட்சுக்கு உடனே அசையாமல், பல நிமிடங்களில் மெல்ல நீலம் ஏறியோ இறங்கியோ வந்தால் எலெக்ட்ரோகுரோமிக். மின்கம்பியே இல்லாமல் வெயில் ஏறும்போது தானாகக் கருத்தால் தெர்மோகுரோமிக். மின்கம்பியும் இல்லாமல், எந்த நேரத்திலும் மாறாமலும் இருந்தால் அது பெரும்பாலும் நிறம் மாறும் கண்ணாடியே இல்லை. குறை உமிழ்வுப் பூச்சு (வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலம்) கொண்ட கண்ணாடியாகவோ ஒட்டப்பட்ட ஃபிலிமாகவோ இருக்கும்.

குறை உமிழ்வுப் பூச்சு உண்டா என்பதை ஒரு லைட்டர் கொண்டே அறியலாம். இருட்டிய பிறகு இரட்டைக் கண்ணாடிக்கு அருகில், திரைச்சீலைகளை ஒதுக்கிவிட்டு, சுடரைப் பிடித்தால் நான்கு பிம்பங்கள் தெரியும், கண்ணாடி முகம் ஒன்றுக்கு ஒன்றாக. நான்கும் ஒரே நிறத்தில் இருந்தால் பூச்சு இல்லை. ஒன்று மட்டும் சற்றே நிறம் மாறித் தெரிந்தால், கட்டடத்தின் வெளிப்புற முகத்தை ஒன்றாகக் கொண்டு எண்ணும்போது அது எத்தனையாவதோ அந்த முகத்தில் பூச்சு இருக்கிறது. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## அறிகுறி: எலெக்ட்ரோகுரோமிக் கண்ணாடி நிறமே மாறவில்லை

### எல்லாச் சன்னல்களும் ஒன்றாக நின்றுவிட்டால்

கண்ணாடிகள் அனைத்தும் ஒரே நாளில் கெடுவதில்லை. மின்சாரம் வருகிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா, கன்ட்ரோலரின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து, யாராவது கைமுறைக் கட்டளையாகத் ‘தெளிவு’ என்று அழுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல அமைப்புகளில் கைமுறைக் கட்டளை தானியங்கிக் கட்டளையை மீறி நிற்கும். அது எத்தனை மணி நேரத்தில் தானாக நீங்க வேண்டும் என்று அமைக்காமல் விட்டிருந்தால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

### ஒரு சன்னல் மட்டும் நின்றுவிட்டால்

கண்ணாடியின் விளிம்பிலிருந்து வரும் குட்டைக் கம்பி சட்டத்துக்குள் ஒரு கனெக்டரில் முடிகிறது. அண்மையில் அந்தச் சட்டத்தில் திரைச்சீலைக் கம்பி, அலமாரி, பூட்டு என ஏதாவது திருகப்பட்டதா என்று கேளுங்கள். ஒருமுறை திரைச்சீலைக்காக அடித்த திருகு கம்பியின் ரப்பர் உறையைக் கிழித்து, செம்பின் மேல் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் மிஞ்சியிருந்ததைக் கண்டேன். அந்தச் சன்னலுக்குப் புதிய கண்ணாடி கேட்டு எழுதிய கடிதம் அதற்குள் தயாராகியிருந்தது.

கனெக்டரைக் கழற்றி, நிறம் ஏற்றும் கட்டளை கொடுத்து, டிரைவர் பக்கத்து முனையில் மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட அளவில் வையுங்கள். சில வோல்ட் தெரிய வேண்டும். தெளிவாக்கும் கட்டளைக்கு மாற்றினால் குறி தலைகீழாக வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் கோளாறு கம்பியிலோ டிரைவரிலோ இருக்கிறது. ஆனால் சில டிரைவர்கள் கண்ணாடி இணைக்கப்படாவிட்டால் பாதுகாப்புக்காக வெளியீட்டையே நிறுத்திவிடும். தயாரிப்பாளரின் கையேட்டில் இதைப் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

வோல்ட் சரியாகத் தெரிந்தால், அதே அளவுள்ள பக்கத்துச் சன்னலின் டிரைவரோடு இதை மாற்றி இணைத்துப் பாருங்கள். அளவு ஒன்றாக இருப்பது கட்டாயம், ஏனென்றால் ஒவ்வொரு கண்ணாடிக்கும் அதன் பரப்புக்கு ஏற்றபடி மின்னோட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது. பெரிய கண்ணாடிக்கு உரிய அமைப்பில் சிறியதை இணைத்தால் நிறம் மாறும் பூச்சு கெடும். அதே காரணத்தால் பேட்டரியை நேராகக் கண்ணாடியில் இணைத்துப் பார்ப்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. ஐந்து நிமிட ஆர்வத்துக்காக நல்ல கண்ணாடி பாழானதைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல டிரைவரிலும் மாறவில்லை என்றால்தான் கண்ணாடி மீது சந்தேகப்பட வேண்டும். அந்த இடத்தில் நிறுவியவரை அழையுங்கள்.

## அறிகுறி: மாறுகிறது, ஆனால் மெதுவாக அல்லது திட்டுத் திட்டாக

விளிம்புகள் முதலில் கருத்து நடுப்பகுதி பின்தங்கினால் கவலைப்பட ஒன்றுமில்லை. மின்சாரம் விளிம்பிலுள்ள பட்டைகளிலிருந்து நடுவை நோக்கிச் செல்வதால் பெரிய கண்ணாடிகள் எல்லாமே அப்படித்தான் நடந்துகொள்ளும். சன்னல் பெரிதாகப் பெரிதாக நேரமும் கூடும். பெரிய கண்ணாடி முழுமையாகக் கருக்கப் பத்து, இருபது நிமிடங்கள் ஆவது இயல்பு. நிறத்தை மாற்றுபவை பூச்சுக்குள் நகரும் அயனிகள் எனும் மின்னேற்றத் துகள்கள்; குளிர்ந்த காலையில் அவை மெதுவாக நகர்வதால் இன்னும் தாமதமாகும். ஆகவே ‘மெதுவாகிவிட்டது’ என்ற புகாரை ஏற்கும் முன், பொருத்திய நாளில் அளந்த நேரத்தோடு, அதே அளவு வெப்பநிலையில், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் இன்றைக்கே பக்கத்திலுள்ள மூன்று சன்னல்களின் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து எழுதிவையுங்கள்.

நேரம் கடந்த பின்பும் ஒரே ஓரத்தில் ஒரு பட்டை வெளிறியே நின்றால், அந்த விளிம்பிலுள்ள மின்கடத்திப் பட்டையில் முறிவு ஏற்பட்டிருக்கலாம். முழுமையாகக் கருத்த கண்ணாடியில் ஒரு சிறு புள்ளி மட்டும் வெளிச்சமாகவும், அதைச் சுற்றி ஒரு வெளிறிய வட்டமாகவும் தெரிந்தால் பூச்சில் ஊசித்துளை அளவில் மின்கசிவு இருக்கிறது. இவை இரண்டையும் இடத்தில் வைத்துப் பழுதுபார்க்க வழியில்லை. ஆனால் புள்ளி வளர்கிறதா என்று தெரியாமல் உடனே மாற்றக் கேட்கவும் வேண்டாம்: முழுக் கருமையில், ஓர் அளவுகோலை அருகில் பிடித்து, மாதம் ஒரு படம் எடுத்துவைத்தால் உத்தரவாதக் கோரிக்கைக்கு அதைவிட வலுவான சான்று கிடையாது.

## அறிகுறி: தானாகவே தவறான நேரத்தில் கருக்கிறது, தெளிகிறது

முதலில் கூரை மேல் ஏறிப் பாருங்கள். ஒளி உணரியின் மேல் தூசியோ பறவை எச்சமோ படிந்திருந்தால், அது உச்சி வெயிலையும் மேகமூட்டம் என்றே எண்ணும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். உணரி பொருத்திய பிறகு அதன் அருகில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வந்து, நாளின் ஒரு பகுதியில் நிழல் விழுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது கன்ட்ரோலரின் கடிகாரம். மின்தடைக்குப் பிறகு நேரம் பின்னுக்குப் போயிருக்கலாம்.

மூன்றாவதுதான் பலர் பார்க்கத் தவறுவது: சன்னல்கள் எந்தத் திசைக் குழுவில் பதியப்பட்டிருக்கின்றன என்பது. ஒரு கட்டடத்தில் மேற்குச் சுவர்க் கண்ணாடிகள் காலை எட்டு மணிக்குக் கருத்து, மாலை நான்கு மணிக்கு, வெயில் முகத்தில் அறையும் வேளையில், பளிச்சென்று தெளிந்தன. இரண்டு டிரைவர்களை மாற்றியும் பயனில்லாமல் போன பிறகே, நிரலில் கிழக்குக் குழுவும் மேற்குக் குழுவும் இடம் மாறிப் பதிந்திருப்பது தெரிந்தது. பெயர்களை மாற்றிப் பதிவது சில நிமிட வேலை. அந்தக் கோடை முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பட்ட வெக்கையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. திசைக் கோளாறுக்கு அடையாளம் எளிது: தவறு நாள்தோறும் ஒரே ஒழுங்கில் வரும். ஒழுங்கில்லாமல் வந்தால் உணரியையோ கம்பியையோ சந்தேகியுங்கள்.

இம்மூன்றும் சரியாக இருந்து, கட்டளை ஒன்றும் கண்ணாடியின் நிலை வேறொன்றுமாக இருந்தால், நிரலைப் பார்க்கத் தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

## அறிகுறி: கண்ணாடி நன்றாகக் கருத்தும் அறை சூடாகவே இருக்கிறது

இதுதான் அடிக்கடி வரும் புகார்; தவறான தீர்வில் அதிகப் பணம் வீணாவதும் இங்கேதான். கண் காண்பது ஒளியை மட்டுமே. சூரிய வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. ஆகவே கருமையைப் பார்த்து வெப்பத் தடுப்பை மதிப்பிட முடியாது. அளந்துதான் ஆக வேண்டும்.

### வெப்பம் கண்ணாடி வழியாகத்தான் வருகிறதா?

அடுத்தடுத்த இரண்டு வெயில் நாட்களில், ஒரே மணியில், அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மட்டும் சன்னலை வெளிப்புறத்தில் வெள்ளை அட்டையால் முழுவதும் மூடுங்கள். இரண்டு நாளும் ஒரே சூடு என்றால் குற்றவாளி கூரை, சுவர், அல்லது அறைக்குள்ளிருக்கும் கருவிகள். சூரியன் மறைந்து பல மணி நேரம் கழித்தும் அறை புழுங்கினால் கூரையைப் பற்றிய சந்தேகம் உறுதியாகிறது. அதற்குக் கண்ணாடிக்காரர் தேவையில்லை.

சட்டத்தைச் சுற்றிலும் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து நகர்த்திப் பாருங்கள். அது அசையும் இடத்தில் வெளிக்காற்று நுழைகிறது. வெப்பத்தடை இல்லாத அலுமினியச் சட்டம் வெயிலில் காய்ந்தால் தொட முடியாத அளவுக்குச் சுடும். கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தச் சட்டம் வழியாக வெப்பம் உள்ளே வந்துகொண்டேயிருக்கும்.

### கண்ணாடி தாமதமாகக் கருக்கிறதா?

வெயில் நேராக அடித்த பிறகு கருக்கத் தொடங்கினால், முழுமையடைவதற்குள் தரையும் மேசையும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டுவிடும். பிறகு அந்த வெப்பத்தை ஏ.சி.தான் மணிக்கணக்கில் இறைக்க வேண்டும். சூரியன் அந்தச் சுவரை எட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே நிறம் ஏறத் தொடங்குமாறு அமைப்பை மாற்றுங்கள். ஒரு பைசா செலவில்லாத இந்த மாற்றத்தை எல்லாவற்றுக்கும் முன்பே செய்துபார்க்க வேண்டும்.

### கண்ணாடி உறிஞ்சிய வெப்பம் எந்தப் பக்கம் போகிறது?

கருத்த எலெக்ட்ரோகுரோமிக் கண்ணாடி வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதைவிட உறிஞ்சிக்கொள்வதே அதிகம். அதனால்தான் நிறம் மாறும் பூச்சு இரட்டைக் கண்ணாடி அலகின் வெளிக் கண்ணாடியில், இடைவெளியைப் பார்த்த முகத்தில் இருக்குமாறு செய்கிறார்கள். சூடேறிய வெளிக் கண்ணாடி வெப்பத்தை வெளிக்காற்றுக்கே விட்டுவிடும். அலகைத் திருப்பிப் பொருத்திவிட்டால் நிறம் அழகாக மாறும், அறைக்குள் ஓர் அடுப்பும் நின்றுகொண்டிருக்கும்.

இதை இப்படிச் சோதிக்கலாம். முழுக் கருமையில், நேர் வெயிலில், கண்ணாடியின் உள்முகத்திலும் வெளிமுகத்திலும் விரல் நீளத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் கையால் நிழல் கொடுத்துக் கால் நிமிடம் காத்திருந்து, அகச்சிவப்பு வெப்பமானியால் டேப்பின் மேல் அளவெடுங்கள். நிழல் கொடுக்காவிட்டால் வெயில் டேப்பையே சுடவைத்துப் பொய்யான அளவைக் காட்டும். டேப் ஒட்டாமல் அளந்தால், பூச்சு வெளித் தெரியும் முகமாக இருக்கும்போது வெப்பமானி எதிரொளிப்பைப் படித்து ஏமாந்துவிடும். வெளிமுகம் உள்முகத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருக்க வேண்டும். உள்முகம் அதைவிடச் சூடாக இருந்தால் அலகு திரும்பியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். லைட்டர் சோதனையில் குறித்த எண்ணைத் தயாரிப்பாளரின் தகவல் தாளோடு ஒப்பிட்டால் உறுதியாகும். டேப்பை அன்றே உரித்துவிடுங்கள். திரும்பிய அலகைச் சரிசெய்வது நிறுவியவர் பொறுப்பு. உங்கள் ஆட்களைக் கொண்டு கழற்றாதீர்கள்.

### வாங்கிய பொருளே வேறு வேலைக்கு உரியதா?

பி.டி.எல்.சி. மறைப்புக்கான பொருள். வெளுத்த நிலையிலும் அது ஒளியைச் சிதறடித்துப் பெரும்பகுதியை உள்ளேயே அனுப்புவதால், இரண்டு நிலைகளுக்கும் இடையே வெப்பத்தில் வேறுபாடு சிறிதே. ‘வெயிலைத் தடுக்கும்’ என்று சொல்லி அதை விற்றிருந்தால் பழுதுபார்க்க எதுவும் இல்லை. வேறு தீர்வுதான் தேட வேண்டும்.

தகவல் தாளில் சூரிய வெப்ப ஏற்புக் கெழு என்ற எண்ணைத் தேடுங்கள். கண்ணாடி மேல் விழும் சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வந்து சேர்கிறது என்பதை அது சொல்கிறது. சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு அது 0.8-ஐ ஒட்டியிருக்கும். நல்ல எலெக்ட்ரோகுரோமிக் அலகு தெளிவான நிலையில் 0.4 அளவிலும் முழுக் கருமையில் 0.1 அளவிலும் இருக்கும். கரு நிலையில் உங்கள் தாளில் 0.3 என்று எழுதியிருந்தால், அந்தக் கண்ணாடி தனக்குச் சொல்லப்பட்ட வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டிருக்கிறது.

தாழ்ந்த மாலை வெயில் விழும் மேற்குச் சுவரில், வெளிப்புறத் தடுப்புத் திரைக்கு நிகரான எதையும் நான் இதுவரை கண்டதில்லை. அது வெப்பத்தைக் கண்ணாடியைத் தொடும் முன்பே நிறுத்திவிடுகிறது. கண்ணாடியை மாற்றும் செலவைக் கணக்கிடுகிறவர்கள், அந்தத் திரையின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: வெப்பம் குறைந்தாலும் கண் கூசுகிறது

ஒளியில் ஒரு விழுக்காடு மட்டுமே கடக்கும் கருமையிலும் சூரிய வட்டம் நேராகத் தெரிந்தால் கண் கூசத்தான் செய்யும். கண்ணாடியில் பழுதில்லை. மேசையைத் திருப்புங்கள், அல்லது அந்த ஒரு சன்னலுக்குத் திரை போடுங்கள்.

## அறிகுறி: பி.டி.எல்.சி. தெளிவாகவில்லை, அல்லது அணைத்தும் வெளுக்கவில்லை

மின்சாரம் இல்லாதபோது வெளுத்திருப்பதே அதன் இயல்பு. ஆகவே முழு வெண்மை என்றால் முதலில் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். தெளிவாகிறது, ஆனால் மூட்டமாக இருக்கிறது என்றால், நேர் எதிரே நின்று பார்த்துச் சொல்லுங்கள்; சாய்ந்து பார்த்தால் எல்லாப் பி.டி.எல்.சி.யும் சற்று மங்கலாகத்தான் தெரியும். நேரே பார்த்தும் மங்கலாக இருந்தால், அதே டிரான்ஸ்ஃபார்மரில் பின்னர் கூடுதல் கண்ணாடிகள் சேர்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். ஒவ்வொன்றும் இத்தனை சதுர மீட்டர் என்ற வரம்போடு வருகிறது. அதைத் தாண்டினால் மின்னழுத்தம் குறைந்து தெளிவும் குறையும். வெளியீட்டு மின்னழுத்தத்தை அளப்பது மின்பணியாளரின் வேலை.

விளிம்பிலிருந்து வெண்மை உள்நோக்கி அரித்துக்கொண்டு வந்தால், ஈரமோ தவறான சிலிகானோ காரணம். பூசும்போது வினிகர் வாடை அடித்த சிலிகான் அமிலத்தை விடும் வகை. அது ஃபிலிமின் ஓரத்தைத் தின்றுவிடும். நடுநிலைச் சிலிகான் மட்டுமே இங்கே ஏற்றது. அரித்த பகுதி மீளாது. சிலிகானை நீக்கி ஓரத்தை உலரவைத்தால் மேற்கொண்டு பரவுவதை நிறுத்தலாம்.

கடும் வெயிலில், அணைத்த நிலையிலேயே கண்ணாடி தெளிந்து மறைப்பு போய்விடுகிறது என்று சிலர் பதற்றத்துடன் சொல்வார்கள். ஃபிலிம் அளவு கடந்து சூடாகி, திரவப் படிகம் தன் ஒழுங்கை இழப்பதால் நேர்வது இது. மாலையில் குளிர்ந்ததும் வெண்மை திரும்பும். ஆனால் அந்த ஃபிலிம் அந்த இடத்தின் வெயிலுக்கு ஏற்றதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை.

## அறிகுறி: தெர்மோகுரோமிக் கண்ணாடி பளிச்சென்ற வெயிலிலும் கருக்கவில்லை, அல்லது பாதிக் கண்ணாடி மட்டும் கருக்கிறது

இந்தக் கண்ணாடிக்கு வெயில் தெரியாது. தன் சொந்தச் சூடு மட்டுமே தெரியும். குளிர்ந்த, பளிச்சென்ற காலையில் அது வெளிறியிருப்பதும், வெயில் தணிந்த மாலையில் இன்னும் கருத்திருப்பதும் முறையான நடத்தை. பக்கத்துச் சுவரின் நிழல் பாதியில் விழுந்தால் நிழற்கோட்டின் இருபுறமும் நிறம் வேறுபடும். தகவல் தாளில் எந்த வெப்பநிலையில் மாறும் என்று எழுதியிருக்கிறதோ, அதை வெளிமுகத்தில் டேப் வைத்து அளந்த சூட்டோடு ஒப்பிடுங்கள். சில தெர்மோகுரோமிக் பூச்சுகளில் பயன்படும் வனேடியம் டை ஆக்சைடு, தூய நிலையில் ஏறக்குறைய 68 டிகிரி செல்சியஸில்தான் மாறுகிறது. டங்ஸ்டன் சேர்த்து அந்த அளவைக் கீழிறக்குகிறார்கள். கண்ணாடி மாற வேண்டிய சூட்டைத் தாண்டியும் வெளிறியே நின்றால் மட்டும் தயாரிப்பாளரிடம் போகலாம்.

## அறிகுறி: மூட்டம் அல்லது நீர்த்துளி

விரலால் துடையுங்கள். உள்முகத்தில் போனால் அறையின் ஈரப்பதம் அதிகம். வெளிமுகத்தில் போனால் கண்ணாடி வெப்பத்தை நன்றாகத் தடுக்கிறது என்று மகிழலாம். இரண்டிலும் போகாவிட்டால் இரு கண்ணாடிகளுக்கு இடையே ஈரம் புகுந்துவிட்டது. விளிம்பு அடைப்பு உடைந்திருக்கிறது. துளையிட்டு உலர்த்தித் தருகிறேன் என்று யார் வந்தாலும் நிறம் மாறும் அலகில் விடாதீர்கள். அலகையே மாற்ற வேண்டும்.

## அறிகுறி: விரிசல்

இங்கே சோதனைகள் பிறகு. முதலில் அந்த இடத்திலிருந்து ஆட்களை அப்புறப்படுத்தி, கண்ணாடியைத் தெளிவான நிலைக்குக் கொண்டுவந்து மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

விரிசல் விளிம்பில் செங்குத்தாகத் தொடங்கி உள்ளே போய் வளைந்திருந்தால் அது வெப்ப அழுத்தத்தால் வந்தது: நடுப்பகுதி சுட்டிருக்க, சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்திருந்தது. வெப்பத்தால் வலுவூட்டாத சாதாரணக் கண்ணாடியே இதில் எளிதாகச் சிக்கும். காரணம் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். பின்னால் ஒட்டிய கூடுதல் ஃபிலிமோ விளம்பரத் தாளோ, கண்ணாடியை ஒட்டி நிறுத்திய அலமாரியோ, இறுக மூடிய கனத்த திரையோ, நேராகக் கண்ணாடி மேல் வீசும் ஏ.சி. காற்றோ. அதை நீக்காமல் புதுக் கண்ணாடி போட்டால் அதுவும் அதே கோடையில் உடையும்.

தொழிலாளரை அழைக்கும்போது, ஸ்பேசரிலோ (இரு கண்ணாடிகளுக்கு இடையே விளிம்பில் இருக்கும் பட்டை) கண்ணாடி மூலையிலோ பொறித்திருக்கும் அலகு எண், சன்னல் நோக்கும் திசை, உடைந்த மணி, அப்போது கண்ணாடி எந்த நிறத்தில் இருந்தது என்பவற்றையும், விரிசல் தொடங்கிய விளிம்பின் நெருக்கமான படத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். புதிய அலகு வந்த பிறகு அதன் எண்ணையும் பரப்பையும் கன்ட்ரோலரில் பதிந்தார்களா என்று நின்று பாருங்கள். பழைய கண்ணாடியின் அமைப்பிலேயே புதியதை ஓட விட்டுப் போவது வழக்கமாக நடக்கும் தவறு.